மாசியில் தொடங்குங்கள்: வெளிப்புற ஜன்னல், கதவு, கிரில், கேட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு நாகப்பட்டினம் பக்கம். ஆறு தேக்கு ஜன்னல், வாசல் கதவு, மாடிக் கதவு, ஒரு இரட்டைக் கேட். இவற்றுக்கு மூன்று முறை என் கையால் பெயிண்ட் அடித்திருக்கிறேன். முதல் முறை அடித்தது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அதன் பிறகு தெருவில் நாலைந்து பேர் தங்கள் வீட்டு ஜன்னலைத் தாங்களே அடித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் சறுக்கிய இடம் ஒன்றுதான்: டின்னைச் சீக்கிரம் திறந்துவிடுகிறார்கள்.

இங்கே சொல்வது மரத்துக்கும் இரும்புக்கும் மட்டும். சுவர் தனி வேலை. இரண்டும் சந்திக்கும் இடங்களை மட்டும் வழியில் தொட்டுச் செல்கிறேன்.

1. காலம்: பொங்கலுக்கு முன் வேண்டாம்

மார்கழியில் வெள்ளையடித்துப் பழகியவர்கள் நாம். சுண்ணாம்புக்கு அது சரி. சுண்ணாம்பு ஈரச் சுவரிலும் பிடிக்கும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி இறுக அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்டான எனாமல் அப்படியில்லை. மரத்தின் மேல் தோல் போலப் படிந்துவிடும். உள்ளே ஈரம் நின்றிருந்தால் வெயில் ஏற ஏற அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலைத் தூக்கும். பொங்கலுக்குப் பளபளத்த ஜன்னல் சித்திரையில் கொப்புளமாக நிற்பது இதனால்தான். என் முதல் ஒன்பது மாதப் பெயிண்ட் இப்படித்தான் போனது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்தாலும் மரம் உடனே காயாது. போதாததற்கு மார்கழி, தைப் பனி. அதனால் தை கடைசியில் கழுவி, மாசியில் அடித்து, பங்குனி பாதிக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்கு மேல் போனால் வேறு தொல்லை. கம்பி கை வைக்க முடியாத சூடாகும், பிரஷ் இழுக்கும்போதே பெயிண்ட் காய்ந்து கோடு கோடாக நிற்கும்.

மரம் காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மழையில் இறுகிச் சாத்த முடியாமல் போன ஜன்னல் கதவைச் சாத்திப் பாருங்கள். இன்னும் உராய்ந்தால் மரத்தில் ஈரம் இருக்கிறது, ஒரு வாரம் பொறுங்கள். இறுகுகிறதே என்று அந்த நிலையில் இழைப்புளி போட்டு இழைத்துவிடாதீர்கள். கோடையில் மரம் சுருங்கியதும் சந்து விழும்.

2. அளவும் சாமான்களும்

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் எனாமல், பிரைமர் (எனாமலுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பரப்பில் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு முறை பூசுவதற்கு, ஏறக்குறைய 100 சதுர அடி வரும். எங்கள் ஜன்னல் 4 அடிக்கு 4 அடி, பாதி கண்ணாடி. கதவு, நிலை, கம்பி எல்லாம் உள்ளும் புறமும் சேர்த்தால் 40 சதுர அடிக்குப் பக்கத்தில் வருகிறது. ஆறு ஜன்னலுக்கு 240, இரண்டு கோட்டுக்கு 480. ஆக, 4 லிட்டர் டின் ஒன்று, 1 லிட்டர் டின் ஒன்று. கம்பிக்குத் தனிக் கணக்கு தெரிய வேண்டுமென்றால், 12 மி.மீ. சதுரக் கம்பி 4 அங்குல இடைவெளியில் இருந்தால் அதன் நாலு பக்கமும் சேர்ந்து திறப்பின் பரப்பில் பாதி வரும்.

கடையில் மெஷினில் கலக்கும் நிறமென்றால் மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்கி, ஒரு வாளியில் ஊற்றிக் கலந்து, திரும்ப டின்களில் நிரப்பிவிடுங்கள். பாதி வேலையில் போய் வாங்கும் இன்னொரு லிட்டர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறி வரலாம்.

இவை கையில் இருக்க வேண்டும்: பட்டி பிளேடு இரண்டு, கம்பி பிரஷ், 80, 120, 220 நம்பர் உப்புத்தாள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், மர பிரைமர், இரும்பு பிரைமர், பட்டி (ஓட்டை, பள்ளம் அடைக்கும் பசை), பெயிண்டை இளக்க டர்பன்டைன், மாஸ்கிங் டேப், பழைய வேட்டித் துணி, முகக்கவசம், கண்ணாடி. பிரஷ் 1 அங்குலமும் 2 அங்குலமும் போதும். எண்ணெய்ப் பெயிண்டுக்கு முடி பிரஷ், தண்ணீரில் கலக்கும் பெயிண்டுக்கு நைலான். மாற்றினால், முடி தண்ணீரில் ஊறித் தொய்ந்துவிடும்.

டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும், எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். பெயிண்ட் நாள்கணக்கில் ஒட்டும், பளபளப்பும் மங்கும்.

3. கத்தி முனையோடு ஒரு சுற்று

சிறு கத்தி ஒன்றும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். ஜன்னல் நிலையின் கீழ்க்கட்டை, கதவின் அடிவிளிம்பு, கம்பி மரத்துக்குள் நுழையும் துளை ஆகிய மூன்று இடங்களில்தான் தண்ணீர் தங்கும். கத்தி முனை மெத்தென்று இறங்கினால் அங்கே மரம் உளுத்திருக்கிறது, வட்டம் போட்டு வையுங்கள். தட்டினால் பொள்ளென்று ஒலித்து, மண் கோடும் தெரிந்தால் கரையான். இரண்டையும் முதலில் ஆசாரியைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். மேலே பட்டி பூசி மறைத்தால் அடுத்த மழை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது, பழைய பெயிண்ட் பிடிப்போடு இருக்கிறதா என்பது. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கீறல் போட்டு, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். சதுரம் சதுரமாக டேப்போடு வந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டும். வரவில்லையென்றால் உரிந்த இடத்தை மட்டும் சுரண்டி, மீதியைச் சொரசொரப்பாக்கினால் போதும். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டை வேண்டுமென்றே உரித்து நாலு நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தில் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு சிறு பள்ளம் கோடாக ஓடும். மழைநீர் அதைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் ஓடாமல் அங்கேயே சொட்டி விழத்தான் அந்தப் பள்ளம். பல வீடுகளில் பெயிண்டும் குளவி மண்ணும் அடைத்துக் கிடக்கும். ஒரு ஸ்குரூ டிரைவரால் கீறிச் சுத்தம் செய்யுங்கள். ஜன்னலுக்கு நீங்கள் அடிக்கும் எந்தப் பெயிண்டையும்விட இந்தப் பள்ளம் அதை அதிக நாள் காப்பாற்றும்.

4. கழுவுதல்

தூசியைத் தட்டிவிட்டுச் சுரண்டத் தொடங்குவது வழக்கம். கழுவாமல் சுரண்டினால் அழுக்கையும் உப்பையும் மரத்துக்குள் தேய்க்கிறோம். கடற்கரைப் பக்கம் இது இன்னும் முக்கியம். கம்பியில் படிந்த உப்பு பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துரு உள்ளிருந்து கிளம்பும்.

சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் ஒரு முறை தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள். உப்புநீர்க் கிணறு என்றால் அந்தத் தண்ணீர் கூடாது, குடிதண்ணீரே எடுங்கள். பாசிக் கறை இருந்தால் ப்ளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாக அலசுங்கள். அதன் பின் வெயில் நாளாக இரண்டு நாள் காயட்டும்.

5. சுரண்டுதலும் தேய்த்தலும்

கவனிக்க வேண்டிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதுவும் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆகவே காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. கீழே பாலிதீன் தாள் விரித்து, உதிர்வதை அதிலேயே சுருட்டிக் கட்டுங்கள். துளசி மாடத்துப் பக்கமும் கிணற்றடிப் பக்கமும் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். ஊதுவிளக்கால் சுட்டு உரிப்பது வேகமான வழிதான், ஆனால் ஈயம் புகையாகக் கிளம்பும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். அரிசி அளவு துணுக்கு உதிர்ந்தாலும் நீங்கள் கை கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட வேண்டும்.

பிளேடை மரத்தின் நார் ஓடும் திசையில் இழுங்கள், குறுக்கே இழுத்தால் மரம் கீறும். முதலில் 80, பிறகு 120. பழைய பெயிண்ட் முடிந்து வெறும் மரம் தொடங்கும் இடத்தில் விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. அந்தப் படியை எத்தனை கோட்டு அடித்தாலும் மறைக்க முடியாது. எனாமலின் பளபளப்பு அதை இன்னும் எடுத்துத்தான் காட்டும்.

பெயிண்ட் போய் வெகுநாள் வெயிலில் கிடந்த மரம் சாம்பல் நிறமாகியிருக்கும். அந்த மேல் நார் செத்தது. பிரைமர் அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அந்த நார் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்காது. நல்ல மர நிறம் தெரியும் வரை தேய்த்தே ஆக வேண்டும்.

தண்ணீர் தொட்டுத் தேய்த்த மரத்தை அன்றே மூடக் கூடாது. ஒரு முழுநாள் வெயிலும் காற்றும் படட்டும்.

6. இரும்பு: சுரண்டிய அன்றே பிரைமர்

கிரிலும் கேட்டும் மரத்துக்கு நேர் எதிர். மரம் காத்திருக்க வேண்டும், இரும்பு காத்திருக்கக் கூடாது. காலையில் கம்பி பிரஷ் போட்டு வெள்ளையாக்கிய கம்பியில், கடற்காற்று வீசும் ஊரில், மறுநாள் காலைக்குள் செம்மஞ்சள் படர்ந்துவிடும். அதனால் அன்று பிரைமர் அடிக்க முடிந்த அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள்.

செதிலாக எழும்பும் துருவைப் பிளேடால் நெம்பி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80 நம்பர் தாளால் முடியுங்கள். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு உடனே பிரைமர். ரெட் ஆக்சைடுதான் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கடலோரத்தில் நான் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் வாங்குகிறேன், துருவைத் தடுப்பதில் அது ஒரு படி மேல். மஞ்சளாக வரும் ஜிங்க் குரோமேட்டின் தூசி புற்றுநோய் தரக்கூடியது என்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

ரெட் ஆக்சைடை அடித்துவிட்டு எனாமலுக்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கேட்டுகள் எல்லாத் தெருவிலும் நிற்கின்றன. பிரைமர் மழையைத் தாங்க வந்ததல்ல. அதன் நுண்துளை வழியே ஈரம் இறங்கும், பிரைமருக்கு அடியிலேயே துரு தொடங்கும். சில நாட்களுக்குள் எனாமல் ஏறிவிட வேண்டும்.

உங்கள் கேட் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் செய்ததென்றால் எண்ணெய் எனாமலை நேரே அடிக்காதீர்கள். துத்தநாகமும் பெயிண்டின் எண்ணெயும் சேர்ந்து சோப்புப் போலாகி, பெயிண்ட் தாள் தாளாக உரியும். அதற்கென்று உள்ள பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். இதே காரணத்துக்காகத்தான் புதிதாகப் பூசிய சிமெண்ட் விளிம்பில் மீந்த எனாமலை இழுக்கக் கூடாது. சிமெண்டின் காரம் எண்ணெயைத் தின்றுவிடும். சன்ஷேட் விளிம்புக்குத் தண்ணீரில் கலக்கும் வெளிச்சுவர் பெயிண்டான எமல்ஷன்தான்.

7. மரத்துக்கு முதலில் பிரைமர், பிறகு பட்டி

வரிசை தவறுவது அதிகமும் இங்கேதான். பள்ளத்தைப் பார்த்ததும் பட்டியை அப்பிவிடக் கை பரபரக்கும். காய்ந்த வெறும் மரம் பட்டியில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பட்டி பொடியாகி, அடுத்த கோடையில் கட்டியாக விழும். முதலில் ஒரு கோட்டு பிரைமர் அடித்தால் மரத்தின் தாகம் அடங்கும், பட்டியும் ஒட்டும். தவிர, பிரைமர் அடித்த பிறகுதான் எங்கே பள்ளம் என்பதே சரியாகத் தெரியும்.

முதல் பிரைமரை டர்பன்டைன் கொஞ்சம் சேர்த்து இளக்கி அடியுங்கள், உள்ளே இறங்கட்டும். எவ்வளவு சேர்க்கலாம் என்பது டின்னிலேயே அச்சிட்டிருக்கும். கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் மறக்காதீர்கள். யார் கண்ணிலும் படாத இடம் என்று விட்டுவிடுவார்கள், ஆனால் மரத்தின் நார் முனை திறந்திருப்பது அங்கேதான். வைக்கோல் நுனியில் தண்ணீர் ஏறுவதுபோல் அந்த வழியாக ஏறும். அடிவிளிம்புக்குக் கை எட்டாவிட்டால் கீலைக் கழற்றிக் கதவை இறக்கியே அடியுங்கள்.

மறுநாள் பட்டி. ஆழமான ஓட்டையை ஒரே மூச்சில் நிரப்பாமல் இரண்டு நாளில் இரண்டு முறையாகப் பூசுங்கள். காய்ந்ததும் 220 தாளால் தேய்த்து, துடைத்து, பட்டி பட்ட இடத்துக்கெல்லாம் இன்னொரு கை பிரைமர். அதை விட்டுவிட்டால் பட்டி இருந்த இடம் எனாமலை உறிஞ்சி, பளபளப்பில் மங்கல் திட்டாக நிற்கும்.

சுவருக்கும் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் இந்தக் கட்டத்தில் நிறுத்தி, சுவரை முடித்துவிட்டு வாருங்கள். சுவர் எமல்ஷன் பிரைமர் மேல் தெறித்தால் தேய்த்துவிடலாம், புது எனாமல் மேல் தெறித்தால் வயிறு எரியும்.

8. கண்ணாடி ஓரம்

கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டி வெடித்திருந்தால் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மேலே ஆடை கட்டி இறுக ஒரு வாரமாவது விட வேண்டும். எனாமல் அடிக்கும்போது கண்ணாடி மேல் நூல் போல மெல்லிய கோடாக, 2 மி.மீ., ஏறியிருக்கட்டும். அந்த நூல்தான் பட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையில் தண்ணீர் இறங்காமல் அடைக்கிறது. பிறகு பிளேடு வைத்துக் கண்ணாடியைத் துடைத்தெடுக்கும்போது அந்த நூலையும் சேர்த்துச் சுரண்டிவிடாதீர்கள்.

9. எனாமல் அடிக்கும் வரிசை

தாழ்ப்பாள், கொண்டி, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பாலிதீன் பையில் திருகாணியோடு போட்டு எழுதி வையுங்கள். கீலுக்கு டேப் ஒட்டுங்கள். கீலுக்குள் பெயிண்ட் போனால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே பெயிண்ட் வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும்.

வெயிலுக்குப் பின்னால் போங்கள், முன்னால் போகாதீர்கள். மேற்கு ஜன்னல்களைக் காலையில், கிழக்கு ஜன்னல்களைப் பிற்பகலில். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் ஆரம்பித்து, மாலை நாலு மணிக்கு பிரஷ்ஷை வைத்துவிடுங்கள். ஈரம் உலராத எனாமல் மேல் இரவுப் பனி இறங்கினால் காலையில் சாம்பல் பூத்தது போல் இருக்கும்.

ஒரு ஜன்னலில் முதலில் கம்பி, பிறகு நிலை, கடைசியில் கதவு. கம்பியை அடிக்கும்போது நிலையில் சொட்டுவது நிச்சயம். நிலையை அடிக்கும்போது அது மூடிப்போகும். கதவில் கண்ணாடியை ஒட்டிய ஓரம் முதலில், பிறகு குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுக்குச் சட்டம். எப்போதும் மேலிருந்து கீழே.

டின்னில் நேராக பிரஷ்ஷை விடாதீர்கள். கொட்டாங்குச்சியிலோ சிறு டப்பாவிலோ கொஞ்சமாக ஊற்றி, பிரஷ் முடியில் மூன்றில் ஒரு பங்கு நனையும்படி தொடுங்கள். இரண்டு இழுப்பு பூசி, கடைசி இழுப்பை மென்மையாக மரத்தின் திசையில் முடியுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒழுகல் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். மறுநாள் காய்ந்ததும் தேய்த்துக்கொள்ளலாம். பாதி காய்ந்த எனாமலில் திரும்பப் போன பிரஷ் தழும்பை விட்டுவிட்டுத்தான் வரும்.

ஒரே கோட்டில் முடிக்கலாம் என்று கெட்டியாக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே பச்சையாக இருந்து, யானைத்தோல் போலச் சுருங்கும். மெல்லியதாக இரண்டு கோட்டு. முதல் கோட்டை ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, 220 தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டு இரண்டாவது.

ஏணியை 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் பக்கத்தில் இருந்தால் அலுமினிய ஏணி கூடவே கூடாது.

10. எப்போது சாத்தலாம்

ஒரு நேரத்தில் இரண்டு ஜன்னலுக்கு மேல் தொடாதீர்கள் என்று சொல்வேன். எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் இறுகுவதற்கு நாள் பிடிக்கும். ஆறையும் ஒன்றாக அடித்தால் ஆறும் திறந்து கிடக்கும். கொசு, பூனை, திருடன் மூவருக்கும் வசதி. அப்படி பயந்து அன்றிரவே இழுத்துச் சாத்திய ஒரு வீட்டில், காலையில் கதவும் நிலையும் ஒட்டிக்கொண்டு, உளி வைத்துப் பிரித்தார்கள். இரண்டு நாள் சாத்தாமல் கொக்கிக் கயிறு போட்டு நிறுத்துங்கள். மூன்றாம் நாள் சாத்தும்போது இடையில் சந்திக்கும் விளிம்புகளில் கொஞ்சம் மெழுகோ டால்கம் பவுடரோ தடவிக்கொள்ளலாம்.

11. மிச்சம்

டர்பன்டைனில் பிரஷ்ஷை அலசி, சோப்புப் போட்டுக் கழுவி, முடியைத் தாளில் சுற்றிப் படுக்கவையுங்கள். எனாமலும் ஆளிவிதை எண்ணெயும் துடைத்த துணிகளை மூலையில் குவித்துப் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூடு கிளப்பும், குவியலுக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

மீந்த எனாமலைச் சிறு டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். காற்று குறைவாக இருந்தால்தான் மேலே ஆடை கட்டாது. டப்பாவின் மேல் நிறத்தின் எண், அடித்த மாதம், எந்த ஜன்னல் என்பதை எழுதி ஒட்டிவிடுங்கள். ஐப்பசிக்கு முன் ஒருமுறை கீழ்க்கட்டைகளையும் கம்பித் துளைகளையும் சுற்றிப் பார்த்து, எங்காவது மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் தொட்டு, இந்த டப்பாவிலிருந்து ஒரு கை.